பௌர்ணமியன்று மூன்று பூட்டு

பெரிய கிளாக்கர் கன்னையா ஒரு காரியத்தைத் தொடங்குவதென்றால் முதலில் அதற்கு ஒரு சபை வேண்டும். சபைக்கு ஒரு தலைவர் வேண்டும். தலைவருக்கு ஒரு சால்வை வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு காரியம் மெதுவாக நடந்து வந்து சேரும். சில சமயம் பாதி வழியில் திரும்பியும் போய்விடும்.

ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பத்தோரு வருடம் பேனா பிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதம் கோயில் தலைவரானார். அடுத்த வருடம் மரண உதவிச் சங்கத்தின் தலைவர். போன தீபாவளியிலிருந்து ‘களனி கங்கைப் படகுச் சுற்றுலா மேம்பாட்டு மகா சபை’யின் தலைவர். மகா சபையில் மொத்தம் ஆறு பேர். யோகராஜை அதில் சேர்த்ததற்கு ஒரே காரணம், ஆறு பேரில் படகு ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

யோகராஜுக்கு வயது நாற்பத்தொன்று. கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களையும் கொழும்புக்காரர்களையும் ரப்பர் படகில் ஏற்றி, பாறைகளுக்கு நடுவே அலற வைத்து, உயிரோடு கரை சேர்ப்பது பதினெட்டு வருடமாக அவனுடைய தொழில். ஆற்றிலுள்ள ஒவ்வொரு கல்லும் அவனுக்குப் பழக்கம். படகுக்காரர்கள் கல்லுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று ‘கிளாக்கர் கல்’. அந்த இடத்தில் சத்தம் அதிகம், ஆழம் குறைவு. கன்னையாவுக்கு இந்தப் பெயர் தெரியாது; தெரிந்தால் அதற்கும் ஒரு திறப்பு விழா வைத்திருப்பார்.

மகா சபை பிறந்தது ஒரு கைபேசிப் படத்திலிருந்து. இங்கிலாந்தில் கால்வாய் வழியே படகில் போகிறார்கள். கரையோரம் ஒரு பார் தெரிந்தால் படகைக் கட்டிவிட்டு இறங்கி ஒரு பியர், ஒரு தட்டு எளிய சாப்பாடு. பிறகு அடுத்த பார். கன்னையா அதை ஊர் முழுவதற்கும் காட்டினார்.

“நம்மகிட்ட ஆறு இருக்கு, போட்டு இருக்கு, ஆத்தோரமா மூணு பாரு இருக்கு. சேத்துப் பாக்க ஒரு மூளதான் இல்லாம இருந்துச்சு” என்றார். இப்போது அதுவும் வந்துவிட்டது என்பது பொருள்.

அவர் குடிக்க மாட்டார். கோயில் தலைவர் குடிக்கக் கூடாது. குறைந்தபட்சம் யாரும் பார்த்ததில்லை.

கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. ‘அ. நிலாம்’ என்று கையெழுத்திட்டுப் பதில் வந்தது: இரண்டு வெளிநாட்டு விருந்தினரோடு நேரில் வந்து பார்க்கிறோம், பிடித்திருந்தால் எங்கள் பயணப் பட்டியலில் சேர்க்கிறோம், எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள். கன்னையா கோயில் கலண்டரை எடுத்தார். மார்ச் மாதத்தில் நிறைந்த பௌர்ணமி, சுபதினம், அதோடு அரச விடுமுறை. மூன்றும் ஒரே கட்டத்துக்குள் இருந்தன. இதைவிடப் பொருத்தமான நாள் பஞ்சாங்கத்திலேயே இல்லை என்று சபையில் அறிவித்தார்.

யோகராஜ் மட்டும் தலையைச் சொறிந்தான். “ஐயா, அன்னிக்குப் போயா ஆச்சேங்க.”

“அதனாலதான் வச்சேன். லீவு நாளு. ஊரே வந்து பாக்கும்.”

“இல்லீங்க, போயாவுக்குப் பாரெல்லாம்...”

“யோகு, நீ துடுப்பப் புடி. மத்தது நான் மேல பேசிக்கிறேன்.”

இலங்கையில் பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. அன்று நாடு முழுவதும் ஒரு சொட்டுச் சாராயம் விற்கக் கூடாது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சபையிலிருந்த மற்ற நால்வருக்கும் தெரியும். அதிலும் இரண்டு பேருக்கு மிக நன்றாகத் தெரியும். ஆனால் கோயில் தலைவர் முன்னால் பார் எந்த நாளில் மூடும் என்று வாதாடினால், மற்ற நாட்களில் அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதும் தெரிந்தவனாகிவிட வேண்டியிருக்கும். அதனால் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தவிர, கன்னையா ‘மேலே பேசுவதாக’ச் சொல்லி ஒரு தடவை லயத்து வீடுகளுக்குப் போகும் பாதைக்கு லைட் வந்தது. அந்த மேலே இருப்பவர் யார் என்று எவரும் கண்டதில்லை. ஆனாலும் இருக்கிறாரோ என்னவோ.

யோகராஜும் அதற்கு மேல் பேசவில்லை. ஒரு விஷயத்தை இரண்டாந்தடவை சொல்லும் பழக்கம் அவனிடம் கிடையாது. முக்கியமான ஒரு விஷயத்தை அவன் முதல் தடவையே இன்னும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று பார்களில் கடைசியானது சோமபால முதலாளியுடையது. அதன் பின்பக்கக் குசினியில் குடிக்கு நடுவே கொறிக்கும் பைட்ஸ் செய்பவள் விஜயகலா. அவித்த மரவள்ளிக்கிழங்கு, கட்டச்சம்பல், வெங்காயம் போட்டுப் பொரித்த கருவாடு, தேங்காய் ரொட்டி. அவ்வளவுதான். கணவன் இறந்து எட்டு வருடம், குசினிக்கு வந்து நான்கு வருடம். யோகராஜ் தினமும் பின்னேரம் படகை அந்தக் கரையில் கட்டிவிட்டு ஒரு தட்டுக் கிழங்கு சாப்பிடுவான். குடிப்பதில்லை, முதலாளியின் பார்வையில் அவன் ஒரு நாற்காலி நட்டம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, “கெழங்கு நல்லா வெந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவான். இரண்டு வருடமாக, நாளுக்கு ஒரு தடவை, இதே வாக்கியம். ஒரு நாள் கிழங்கு வேகாமல் கட்டையாக இருந்தபோதும் இதையே சொன்னான். அன்று அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

இப்போது முதலாளி குசினியை மூடிவிட்டுப் பாக்கெட் கடலையும் பாக்கெட் முறுக்கும் தொங்கவிடப் போகிறார். முதலாம் திகதியிலிருந்து. விஜயகலாவின் தம்பி பிரதீபன் கஹவத்தையில் ஒரு கடையில் இருக்கிறான். அக்காவை அங்கே வரச் சொல்லிவிட்டான். ஒரே ஒரு விலக்கு: கொழும்புக் கம்பெனி இந்தப் படகுப் பயணத்தை எடுத்துக்கொண்டால் குசினி இருக்கட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். யோகராஜுக்குச் சுற்றுலா மேம்பாட்டில் வந்த அக்கறையெல்லாம் இவ்வளவுதான். கம்பெனி சரி என்றால் அவள் இருப்பாள். இல்லையென்றால் முதலாம் திகதி கஹவத்தை பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

பௌர்ணமியன்று காலை ஒன்பது மணிக்கு வான் வந்தது. கன்னையா கோட்டும் சப்பாத்தும் போட்டு, சால்வையைப் போர்த்தி, அதற்கு மேல் செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டியிருந்தார். கையில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய், பையில் ஏழு பக்க வரவேற்புரை. “திரு. நிலாம் அவர்களை...” என்று தொடங்கியவர் அப்படியே நின்றார். வானிலிருந்து இறங்கியது முக்காடு போட்ட ஓர் இளம் பெண்.

“நான்தான் அக்ஸா நிலாம். நிலாம் வாப்பாட பேர்” என்றாள். மாவனெல்லைப் பிள்ளை, கொழும்பில் வேலை. பின்னால் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி இறங்கினார்கள். முப்பது வருடமாகத் தங்கள் நாட்டில் படகிலேயே பார் பாராகப் போய் வருகிறவர்களாம். பெரியவர் இப்போதே நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

படகு புறப்பட்டது. ஆற்றில் போதிய தண்ணீர் இல்லை. மேலே மின்சார நிலையத்தில் திறந்துவிட்டால்தான் கித்துல்கலையில் ஆறு ஆறாக இருக்கும். விடுமுறை நாளில் தொழிற்சாலைகளெல்லாம் மூடிக் கிடக்க, கரண்டுக்கு ஆளில்லை, அதனால் தண்ணீருக்கும் வேலையில்லை. கலண்டரின் அந்தக் கட்டத்தில் இது எழுதியிருக்கவில்லை.

முதல் பாரின் வாசலில் ஆட்டுத்தலை அளவுக்கு ஒரு பூட்டு. கன்னையா அதைச் சற்று நேரம் பார்த்தார். பூட்டும் அவரைப் பார்த்தது. பக்கத்து வேலிக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டு, “மஹத்தயா, பஸ்ஸ பெத்தென் என்ன” என்று கிசுகிசுத்தது. பின்பக்கமாக வரச் சொல்கிறான். போயா தினத்தில் பின்பக்கம் என்று ஒன்று எல்லா ஊரிலும் உண்டு. கன்னையா சால்வையைச் சரிசெய்துகொண்டு, “நாங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

“இது சும்மா வெளியிலருந்து பாக்குறதுக்கு வச்ச எடம்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். “அடுத்ததுதான் முக்கியமானது.”

அடுத்ததற்குப் போகும் வழியில் படகு கிளாக்கர் கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யோகராஜ் குதித்துத் தள்ளினான். அசையவில்லை. அப்போது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். பார்த்தால் கன்னையா, கோட்டும் சப்பாத்துமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது மனிதர், விரத வயிறு. ஏழு பக்க உரை பையோடு நனைந்து கூழாகிவிட்டது.

“இந்தக் கல்லுக்கு ஏதும் பேர் இருக்கா?” என்று அக்ஸா மேலிருந்து கேட்டாள்.

யோகராஜ் தலைவரின் முகத்தைப் பார்த்தான். “இல்லீங்க” என்றான். “சும்மா கல்லு.”

இரண்டாவது, கித்துல் கள்ளு விற்கும் பழைய தவறணை. அங்கேயும் பூட்டு. தவறணைக்காரர் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டையில், தாமரைத் தட்டோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார். கன்னையாவைக் கண்டதும் பாசமாகச் சிரித்து, “அத போய நே, கிளாக்கர் மஹத்தயா” என்றார். இன்று போயா அல்லவா என்று சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல.

வெள்ளைக்காரப் பெரியவர் ஏதோ கேட்டார். அக்ஸா மொழிபெயர்த்தாள்: “இந்த ஊர்ல பார் எண்டா பூட்டப் பார்க்கிறதா எண்டு கேக்குறார்.”

கன்னையா ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். பிறகு கீழே வைத்துவிட்டார். படகின் பின்முனையில் யோகராஜுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சப்பாத்திலிருந்து தண்ணீர் ஒழுகிற்று.

“யோகு. ஒனக்குத் தெரியுமாடா?”

“தெரியுங்க.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னேங்க.”

“ஏன்டா ரெண்டாந்தடவ சொல்லல?”

யோகராஜ் துடுப்பை ஒரு தடவை ஆழமாகப் போட்டான்.

“நான் யாருகிட்டயும் மேல பேசல” என்றார் கன்னையா மெதுவாக. “மேல எனக்கு யாரடா தெரியும்? சோமபால முதலாளி வூட்டுக்குத்தான் மூணு தடவ போனேன். அந்தப் புள்ள குசினிக்காக. ஒக்காருன்னுகூடச் சொல்லல. நின்னுக்கிட்டேதான் பேசுனேன். இப்ப அந்தப் புள்ளகிட்ட என்னான்னு சொல்வேன்?”

இது யோகராஜுக்குத் தெரியாத விஷயம். ஆறு வருடமாக மேடையில் நிமிர்ந்தே இருந்த மனிதர், ஒரு பார் முதலாளியின் வீட்டு வாசலில் மூன்று தடவை நின்றிருக்கிறார். அதை எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. தோட்டத்து நாய் குட்டி போட்டால்கூட அறிக்கையில் சேர்க்கிறவர். ‘கிளாக்கர் கல்’லுக்குப் பெயரை மாற்ற வேண்டும் என்று யோகராஜ் நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் ஒன்றும் நினைக்க முடியவில்லை. மூன்றாவது பூட்டு அடுத்த வளைவில் இருந்தது.

வளைவு திரும்பியதும் முதலில் தெரிந்தது புகை.

பார் பூட்டித்தான் கிடந்தது. அதற்குக் கீழே, யோகராஜ் தினமும் படகு கட்டும் மணல் திட்டில், மூன்று கல் கூட்டி அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள் விஜயகலா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். பெரிய சட்டியிலிருந்து மரவள்ளிக்கிழங்கின் ஆவி எழுந்து ஆற்றின் மேல் போயிற்று.

“முதலாளி சாவிய எடுத்துக்கிட்டு விகாரையில சில் விரதம் எடுக்கப் போயிட்டாரு” என்றாள், படகு கரையேறும் முன்பே. “காலையில ஏழு மணிக்கு வந்து பாத்தா பூட்டு. வூட்டுக்கு ஓடிப்போயி எங்க சட்டியத் தூக்கிட்டு வந்தேன். ஐயா மேல பேசிட்டீங்கன்னு சொன்னாங்களே?”

“பேசுனேன்” என்றார் கன்னையா. “கேக்கல.”

கட்டச்சம்பலை அவள் ஆற்றுக் கல்லொன்றைக் கழுவி, அதன் மேலேயே நசுக்கி வைத்திருந்தாள். வாழை இலை வந்தது. கிழங்கு வாயில் வைக்கும் முன்பே உடைந்தது. கருவாடு சட்டியில் சீறி, வெங்காயத்தோடு சேர்ந்து வெளியே வந்தபோது வெள்ளைக்கார அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மூன்று மணி நேரம் கல்லோடு மல்லுக்கட்டி வந்த பசி வேறு.

அக்ஸா இலையைக் கையில் வாங்கிக்கொண்டு தயங்கினாள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது பார்ல பொழங்குற சட்டியா?”

“இல்லம்மா. பாரு சட்டியெல்லாம் உள்ள கெடக்கு. இது எங்க வூட்டுச் சட்டி. மரக்கறியும் கருவாடும் தவிர வேற ஒண்ணும் பாத்ததில்ல.”

அக்ஸா மணலில் சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். கிழங்கைச் சம்பலில் தொட்டு வாயில் போட்டாள்.

கன்னையா மட்டும் தள்ளி நின்றார். “பௌர்ணமி விரதம்” என்றார். “கெழங்கு மட்டும் வேணா ஒரு துண்டு.” ஒரு துண்டு வந்தது. “காரத்துக்குச் சம்பலு மட்டும் கொஞ்சம்.” சம்பல் வந்தது. பிறகு கிழங்குக்குச் சம்பல் போதவில்லை; சம்பலுக்குக் கிழங்கு போதவில்லை. இப்படி மூன்று இலை முடிந்த நேரத்தில் அக்ஸா கேட்டாள்: “அக்கா, இந்தச் சம்பலுக்கு என்னென்ன போட்டீங்க?”

“செத்தல் மொளகா, வெங்காயம், உப்பு, தேசிக்காப் புளி. அப்புறம் மாசிக்கருவாடு இடிச்சுப் போட்டேன். அது இல்லாட்டி கட்டச்சம்பலு ஏது?”

கன்னையாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. எல்லோரும் மரியாதைக்கு ஆற்றைப் பார்த்தார்கள். கை சற்று நேரம் அந்தரத்தில் யோசித்தது. பிறகு தன் பயணத்தைத் தொடர்ந்தது.

“முருகனுக்குத் தெரியாமலா இருக்கும்” என்றார், விழுங்கிவிட்டு. “எடுத்துட்டு வாம்மா இன்னும் கொஞ்சம்.”

வெள்ளைக்காரப் பெரியவர் எட்டாவது துண்டில் இருந்தார். மூக்கும் கண்ணும் ஒழுகின. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்டி குடித்தார். அவர் சொன்னதை அக்ஸா சிரித்துக்கொண்டே சொன்னாள்: முப்பது வருடமாக அவர் பாரில் பியர் குடித்தது அங்கே கொடுக்கும் சாப்பாட்டை உள்ளே தள்ளுவதற்காகத்தானாம். இன்றைக்குத்தான் அந்த உதவி தேவைப்படவில்லையாம்.

பிறகு அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கன்னையாவிடம் வந்தாள்.

“சேர், உண்மையச் சொல்றேன். பார் பாராப் போற பயணம் எண்டு எழுதியிருந்தீங்க. வேல எண்டுதான் வந்தேன். அங்கெல்லாம் உள்ள போய் ஒக்கார எனக்கு ஏலா. ராவெல்லாம் யோசன. நீங்க என்ட பேரப் பார்த்துட்டு வேணுமெண்டே போயா நாள்ல வச்சிருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லிக் காட்டவும் இல்ல. இப்பிடி யோசிக்கிற ஆள நான் இந்தத் தொழில்ல கண்டதில்ல.”

யோகராஜ் தலைவரைத் திரும்பிப் பார்த்தான். கன்னையாவின் முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஈரச் சால்வை தோளில் தானாகவே சரியாகிற்று.

“அது எங்க கடமைங்க” என்றார்.

“பார் ஒண்டும் வேணாம் சேர். படகு, இந்த மணல், இந்த அடுப்பு, இந்த அக்கா. இது போதும். ஒவ்வொரு ஞாயிறும், போயாவும். நாங்க எடுத்துக்கிறோம். ஆனா இதே சட்டிதான் வேணும்.”

விஜயகலா கிழங்குத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அள்ளிய தோலை மறுபடி மணலிலேயே போட்டுவிட்டு மறுபடி அள்ளினாள்.

விருந்தினரை மேலே பாதையில் நின்ற வானுக்கு ஏற்றிவிட்டு, யோகராஜ் அடுப்பருகே திரும்பி வந்தான். அவள் சட்டியை மணல் போட்டுத் தேய்த்து முடித்திருந்தாள். அடிப்பக்கம் கரியாகவே இருந்தது.

“கெழங்கு நல்லா...” என்று தொடங்கினான்.

“வெந்திருக்கு. தெரியும்.” சட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். “இத போட்டுலயே வச்சிக்கங்க. ஒவ்வொரு தடவையும் மலையில இருந்து தூக்கிக்கிட்டு எறங்க ஏலாது எனக்கு.”

அவன் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டையெல்லாம் கரி. “அப்ப கஹவத்தைக்கு?”

“தம்பிக்கு நீங்க போன் பண்ணிச் சொல்லிருங்க.”

“நானா? என்னான்னு சொல்றது?”

“ரெண்டு வருசமா கெழங்கத் தின்னுட்டு யோசிச்சீங்கள்ல, அதச் சொல்லுங்க.”

ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. எங்கோ யாரோ லைட் போட, மேலே மின்சார நிலையத்தில் திறந்துவிட்டிருக்க வேண்டும். யோகராஜ் தலையை மட்டும் ஆட்டினான், இரண்டு தடவை. ஒரு தடவைக்கு மேல் அவன் எதையும் செய்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. சேலை முந்தானையால் அவன் சட்டைக் கரியைத் துடைக்கப் போய், அது இன்னும் பரவ, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

படகிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. அதற்குள் தண்ணீர் போயிருந்தாலும் தலைவரின் காதுக்குள் எதுவும் போகாமல் இல்லை.

“எல்லாம் கேட்டுச்சு” என்றது அது. “கோயில்லயே வச்சிருவோம். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. நல்ல நாளு நான் பாக்குறேன்.”

“ஐயா” என்றாள் விஜயகலா, கரையிலிருந்தபடியே. “சால்வ போடுங்க, பேசுங்க, தலைவரா நின்னு தாலியும் எடுத்துக் குடுங்க. நாளு மட்டும் நாங்க பாத்துக்கிறோம்.”